ஒரே படிகம், இரண்டு மொபிலிட்டி: ரூப்ரீனில் திசைசார் மின்கடத்தலை அளப்பது எப்படி

ரூப்ரீன் என்று ஒரு கரிமப் பொருள். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம்; அபிரகத் தகடு போல மெல்லிசாகப் படிகமாகும். அந்தத் தகட்டின் நீளவாக்கில் மின்சாரத்தை ஓட்டினால் மொபிலிட்டி 15.4. அதே தகட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்து ஓட்டினால் 4.4. பொருளும் படிகமும் வெப்பநிலையும் மாறவில்லை. மாறியது திசை மட்டும்தான்.

இந்த இரண்டு எண்களும் 2004இல் விக்ரம் சுந்தர், விட்டாலி பொட்ஸோரொவ், ஜான் ராஜர்ஸ் உள்ளிட்ட குழு வெளியிட்டவை. மொபிலிட்டி என்பதைத் தமிழில் நகர்திறன் என்று எழுதலாம். ஆய்வகத்தில் எல்லோரும் மொபிலிட்டி என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற மின்புலத்தில், மின்னூட்டம் விநாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதே அந்த எண். அமார்ஃபஸ் (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கனில் எலக்ட்ரானுக்கு அது 1 அளவில் இருக்கும், படிகச் சிலிக்கனில் 1,400ஐ நெருங்கும். ரூப்ரீன் இவற்றுக்கு நடுவே நிற்கிறது.

“இந்தப் பொருளின் மொபிலிட்டி இவ்வளவு” என்று ஒற்றை எண் மட்டும் தரும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பாது. எந்தத் திசையில் அளந்தது, எந்த மின்முனை அமைப்பில் அளந்தது என்ற இரண்டும் பக்கத்தில் இல்லாவிட்டால், கரிமப் படிகத்தில் அந்த எண் பாதி உண்மைதான். அந்த இரண்டையும் சரியாகச் செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதுநிலை மாணவர் ஒருவர் சுமாரான வசதியுள்ள ஆய்வகத்தில் செய்யக்கூடிய வேலைதான் இது.

திசைக்குத் திசை ஏன் மாறுகிறது

சிலிக்கனில் ஒவ்வோர் அணுவும் அடுத்த அணுவோடு வலுவான பிணைப்பில் கோத்திருக்கிறது. கரிமப் படிகத்தில் அப்படி இல்லை. மூலக்கூறுக்கு உள்ளே பிணைப்பு வலு. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே வெறும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. மின்னூட்டம் ஒரு மூலக்கூறிலிருந்து பக்கத்து மூலக்கூறுக்குப் போக வேண்டுமென்றால், இரண்டின் பை எலக்ட்ரான் மேகங்களும் (வளையங்களின் மேலும் கீழும் பரவியிருப்பவை) எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தே போகும். அந்தப் பொருத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது.

ரூப்ரீன் மூலக்கூறில் 42 கார்பன், 28 ஹைட்ரஜன். நான்கு வளையங்கள் வரிசையாக ஒட்டிய முதுகெலும்பு ஒன்று. அதிலிருந்து நான்கு ஃபீனைல் வளையங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படிகத்தில் இந்த முதுகெலும்புகள் பி அச்சு நெடுக, அதாவது தகட்டின் நீளவாக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அடுத்தடுத்த தளங்களுக்கு இடைவெளி சுமார் 3.7 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அடுக்கு நேர்செங்குத்தாக இல்லை, ஒவ்வொரு மூலக்கூறும் தன் நீள அச்சில் 6 ஆங்ஸ்ட்ராம் அளவு சறுக்கி உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒரு மூலக்கூறின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 7.2 ஆங்ஸ்ட்ராம். இவ்வளவு சறுக்கியும் பக்கவாட்டில் விலகாததால், மேகங்களின் நேர்க்குறிப் பகுதி நேர்க்குறியோடும் எதிர்க்குறிப் பகுதி எதிர்க்குறியோடும் ஒத்துப்போகின்றன. இந்த மேற்பொருந்தலால் வரும் பிணைவின் வலு சுமார் 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலின் அலகு) என்று கணக்கீடுகள் சொல்கின்றன. ஓர் ஆங்ஸ்ட்ராம் கூடக் குறையச் சறுக்கியிருந்தால் இதே எண் பாதியாகியிருக்கலாம், குறி மாறிப் பூஜ்யத்தைத் தாண்டியும் போயிருக்கலாம்.

தகட்டின் அகலவாக்கான ஏ அச்சில் நிலைமை வேறு. நேர் பக்கத்து மூலக்கூறு 14.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிறது. அதோடு நேரடித் தொடர்பே இல்லை. ஆகவே மின்னூட்டம் மூலைவிட்டமாக, 8 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் வேறு சாய்வில் நிற்கும் மூலக்கூறுகள் வழியே வளைந்து வளைந்துதான் போக முடியும். அந்த மூலைவிட்டப் பிணைவு சுமார் 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட். தகட்டுக்குச் செங்குத்தான சி அச்சிலோ ஃபீனைல் வளையங்கள் வேலி போட்டது போல நிற்கின்றன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் 13 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மின்னூட்டம் மூலக்கூறிலிருந்து மூலக்கூறுக்குத் தாவுகிறது, தாவும் வேகம் பிணைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 20 என்ற எண்களையும் மேலே சொன்ன தொலைவுகளையும் போட்டால் பி அச்சுக்கும் ஏ அச்சுக்கும் உள்ள விகிதம் சுமார் 12.7 வருகிறது. அளந்து கிடைத்த விகிதமோ 3.5. அளவீடு தப்பல்ல, தாவல் படம்தான் எளிமைப்படுத்தியது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அவை ஆட ஆட, பிணைவின் வலுவும் கணத்துக்குக் கணம் கூடிக் குறைகிறது. பி அச்சில் ஓடும் மின்னூட்டத்தை அந்த ஆட்டம் கொஞ்ச தூரத்திலேயே மடக்கிப் போடுகிறது. ஆகவே கணிப்பொறியில் கிடைத்த விகிதத்தை வைத்து அளவீட்டைத் திருத்தாதீர்கள்.

திசையால் மாறும் பண்பை இதே குடும்பப் படிகங்களில் அளந்தவர்களில் முன்னோடி நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். டாக்காவில் இருந்தபோதும் பிறகு கல்கத்தாவிலும் நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எப்படித் திரும்புகின்றன என்று பார்த்தார். மூலக்கூறுகள் படிகத்துக்குள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்று அந்தத் திருப்பத்திலிருந்தே சொல்ல முடிந்தது. அவர் அளந்தது காந்தப் பண்பு, நாம் அளப்பது மின்கடத்தல். ஆனால் படிகத்தின் திசையை முதலில் நிலைநிறுத்து, அப்புறம் அளவு எடு என்ற ஒழுங்கு அப்படியே பொருந்தும்.

படி 1: சுத்தம், வளர்ப்பு

கடையில் வாங்கும் ரூப்ரீன் தூளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. குவார்ட்ஸ் குழாயில் தூளை ஒரு முனையில் வைத்து, குழாய் உலையில் 280 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஆர்கான் வாயுவை மெதுவாக ஓட்டுங்கள். தூள் ஆவியாகி, குழாயில் சூடு குறையும் இடத்தில் படிகமாக ஒட்டும். கனமான அசுத்தங்கள் மூலத்திலேயே தங்கிவிடும், லேசானவை படிகங்களைத் தாண்டிப் போய் ஒட்டும். கிடைத்த படிகங்களையே அடுத்த ஓட்டத்துக்கு மூலமாக வைத்து இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் தரம் நன்றாக ஏறும்.

அவசரம் கூடாது. வெப்பநிலையை 20 டிகிரி ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் குழாய் முழுக்க ஒன்றோடொன்று பின்னிய ஊசிகளாக வரும். ஆவியாதல் தொடங்கும் எல்லையை ஒட்டியே வைத்து, ஒன்றிரண்டு நாள் பொறுத்தால் தனித்தனித் தகடுகள் கிடைக்கும்.

வெளிச்சமும் ஆக்சிஜனும் ஒன்றாகச் சேர்ந்தால் ரூப்ரீன் பெராக்சைடாக மாறும். கரைசலில் அது கண்முன்னே நடக்கும், ஆரஞ்சு நிறம் வெளுத்துப் போய்விடும். படிகத்தில் மெதுவாக, மேற்பரப்பில் நடக்கும். நாம் அளக்கப்போவதோ மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டத்தை. அதனால் அறை விளக்கை மங்கலாக வையுங்கள், படிகங்களை இருட்டில் சேமியுங்கள்.

கரைசலிலிருந்து வளர்க்கலாமா என்று கேட்பார்கள். வளர்க்கலாம். ஆனால் அதில் வேறு படிக அமைப்புகளும் வரும். அவற்றில் அடுக்கு வேறு, மேலே சொன்ன எண்கள் பொருந்தாது.

படி 2: நல்ல தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

குழாயைத் திறந்ததும் இடுக்கியை நீட்டாதீர்கள். மைக்ரான் கனத் தகடு இடுக்கி பட்டாலே விரிசல் விடும். நாங்கள் பல்குத்தும் குச்சியின் முனையில் ஒற்றைக் கண்ணிமை முடியை ஒட்டி வைத்திருப்போம். முடியைத் தகட்டின் விளிம்புக்கு அடியில் மெல்ல நுழைத்தால், நிலைமின்னூட்டத்தாலேயே படிகம் முடியோடு ஒட்டி எழும்பும். அப்படியே கண்ணாடித் தகட்டின் மேல் கொண்டுபோய், முடியை லேசாகச் சாய்த்தால் அது தானே கீழே படியும். படியும்போது கவனியுங்கள்: மெல்லிய தகடாக இருந்தால் ஒரு விளிம்பு முதலில் தொடும், பிறகு ஈரத்துணி தரையில் படிவது போல மற்ற பகுதியும் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். வானவில் நிற வளையங்கள் ஒரு கணம் தோன்றி ஓடி மறையும். அந்த வளையங்கள் எங்காவது நின்றுவிட்டால் அங்கே தூசியோ காற்றோ மாட்டியிருக்கிறது என்று பொருள்.

கனம் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் இருந்தால் இப்படித் தானே ஒட்டும். அதைவிடக் கனமான தகடு விறைப்பாக நிற்கும். அதற்கு மின்முனைகளை மேலேதான் போட வேண்டும். படிக்கட்டு போன்ற கோடுகள், குறுக்கு விரிசல்கள், மேலே குட்டிப் படிகம் முளைத்தவை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பி அச்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு விரிசல் ஓடினாலும் பி திசை மொபிலிட்டி சரிந்துவிடும், திசைவேறுபாடு தலைகீழாகத் தெரியும்.

படி 3: அச்சு எது என்று உறுதி செய்தல்

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். மின்முனை போட்ட பிறகு திருத்த முடியாது.

முதலில் வடிவம். ஆவி முறையில் வளர்ந்த ரூப்ரீன் பெரும்பாலும் ஒரு திசையில் நீண்டிருக்கும். நீளவாக்கு பி அச்சு, அகலவாக்கு ஏ அச்சு, கனம் சி அச்சு. அறுகோணத் தகடாக இருந்தால் சாய்ந்த விளிம்புகளையும் பாருங்கள். செல் அளவுகள் 14.4, 7.2 என்பதால், மூலைவிட்டத் திசையில் ஓடும் விளிம்பு பி அச்சோடு 63.4 டிகிரி கோணம் பிடிக்கும். பி முனையில் இரண்டு விளிம்புகள் சந்திக்கும் கூர் சுமார் 127 டிகிரி. நுண்ணோக்கிப் படத்தில் இந்தக் கோணத்தை அளப்பது சுலபம்.

அடுத்து போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு. இரண்டு போலரைசர்களைக் குறுக்காக வைத்து, நடுவில் படிகத்தைச் சுழற்றுங்கள். முழுச் சுற்றில் நான்கு முறை படிகம் இருண்டு போகும். இருளும் நிலையில் ஏ, பி அச்சுகள் போலரைசர் திசைகளோடு ஒத்திருக்கின்றன. தகடு முழுவதும் ஒரே கணத்தில் இருள வேண்டும். ஒரு பாதி முன்னே, மறு பாதி பின்னே இருண்டால் அது ஒற்றைப் படிகமே அல்ல.

ஆனால் இந்தச் சோதனை எது ஏ, எது பி என்று சொல்லாது. நான் தொடக்கத்தில் இதில்தான் சறுக்கினேன். உடைந்த ஒரு துண்டின் நீண்ட பக்கத்தைப் பி என்று நம்பி, இருளும் கோணமும் பொருந்தியதால் மேலே போய்விட்டேன். ஒரு வாரம் அளந்து, ஏ திசை வேகமானது என்று முடிவு வந்தது. உடைந்த துண்டில் நீளம் எதையும் காட்டாது, இயற்கையாக வளர்ந்த விளிம்புதான் காட்டும். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எக்ஸ்-கதிரில் அச்சு உறுதி செய்த ஒரு படிகத்தை மாதிரியாக எடுத்து வைத்திருப்பேன். மேல் போலரைசரைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் போலரைசரில் இரண்டு அச்சு நிலைகளிலும் நிறத்தின் ஆழத்தைப் பார்த்து, புதுப் படிகத்தை அந்த மாதிரியோடு ஒப்பிடுவேன். ரூப்ரீனில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

எக்ஸ்-கதிர் அளவீட்டில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. ஒரே செஞ்சாய்சதுரப் படிகத்தைச் சிலர் ஏ 14.4, பி 7.2, சி 26.9 என்று எழுதுவார்கள். சிலர் ஏ 26.9, பி 7.2, சி 14.4 என்று எழுதுவார்கள். பி மாறாது, ஏ, சி இடம் மாறிவிடும். பிறர் கட்டுரையோடு ஒப்பிடும்போது எழுத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

படி 4: எத்தனை திசைகளில் அளக்க வேண்டும்

கடத்துதிறன் ஒரு டென்சர், அதாவது திசைக்குத் திசை மாறுவதால் பல எண்களால் சொல்ல வேண்டிய அளவு. அது எத்தனை எண்களால் ஆனது என்பதைப் படிகத்தின் சமச்சீர்மைதான் தீர்மானிக்கிறது. செஞ்சாய்சதுர ரூப்ரீனில் மூன்று அச்சுகளும் செங்குத்து. டென்சரின் முதன்மைத் திசைகளும் (மின்புலம் எந்தப் பக்கமோ மின்னோட்டமும் அந்தப் பக்கமே ஓடும் திசைகள்) அவையே. தகட்டுத் தளத்தில் இரண்டே அறியாக் கணியங்கள். இரண்டு திசை போதும், மூன்றாவது ஒன்றைச் சரிபார்க்க எடுக்கலாம்.

டெட்ரசீன், பென்டசீன் போன்ற முச்சாய்வுப் படிகங்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே எந்த அச்சும் முதன்மைத் திசையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரிய மொபிலிட்டி எந்தத் திசை, சிறியது எந்தத் திசை, அவற்றின் அளவு என்ன எல்லாமே தெரியாதவை. குறைந்தது மூன்று திசைகள் வேண்டும். ஐந்தாறு இருந்தால் நிம்மதி. ஆந்த்ரசீன் போன்ற ஒற்றைச்சாய்வுப் படிகத்தில் பி அச்சு மட்டும் நிலையானது, மற்ற இரண்டு முதன்மைத் திசைகளும் அதற்குச் செங்குத்தான தளத்தில் எங்கும் திரும்பியிருக்கலாம்.

ஆந்த்ரசீன் இன்னொரு விஷயத்தையும் சொல்லித்தருகிறது. அறை வெப்பநிலையில் துளைகளுக்கு (எலக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர்மின்னூட்டம் போல நகர்பவை) மொபிலிட்டி ஏ திசையில் சுமார் 1.1, பி திசையில் சுமார் 2. எலக்ட்ரான்களுக்கு ஏ திசையில் சுமார் 1.7, பி திசையில் சுமார் 1. துளை விரும்பும் திசையை எலக்ட்ரான் விரும்புவதில்லை! ஒரே அடுக்கில் நின்றாலும் இரண்டும் வேறு வேறு ஆர்பிட்டல்கள் வழியாகப் போகின்றன. ஆகவே “வேகமான திசை” என்று எழுதும்போது எந்த மின்னூட்டத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 5: மின்முனை அமைப்பு

2004 குழுவின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ரப்பர் போன்ற சிலிக்கோன் பாலிமரில் முத்திரை செய்து, அதன் மேலேயே சோர்ஸ், ட்ரெயின், கேட் மின்முனைகளை அமைத்தார்கள். சோர்ஸுக்கும் ட்ரெயினுக்கும் நடுவே மின்னோட்டம் ஓடும் பகுதி சேனல்; கேட் வோல்டேஜ் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். இப்படிப் படிகமே ஒரு டிரான்சிஸ்டராகிறது. அதன்மேல் படிகத்தை வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். அளந்துவிட்டு எடுத்து, திருப்பி, மறுபடி வைத்து அளக்கலாம். ஒரே படிகம், ஒரே மின்முனை, மாறுவது கோணம் மட்டும். இரண்டு படிகங்களை ஒப்பிடும்போது வரும் தரவேறுபாடு இங்கே இல்லவே இல்லை.

இதன் பின்னணியும் தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரிமப் படிக டிரான்சிஸ்டர்களில் எட்ட முடியாத முடிவுகளை அறிவித்த ஓர் ஆய்வாளரின் தரவுகள் புனையப்பட்டவை என்று 2002இல் விசாரணைக் குழு கண்டறிந்தது. துறை முழுவதும் ஆட்டம் கண்டிருந்த நேரம். அதற்கு இரண்டே ஆண்டுகளில், அதே பெல் ஆய்வகத்தினரும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் இருந்த குழுவிலிருந்து, யார் வேண்டுமானாலும் படிகத்தை எடுத்து மறுபடி வைத்துச் சோதிக்கக்கூடிய அளவீடு வந்தது. இழந்த நம்பிக்கையை இப்படித்தான் மீட்க முடியும்.

முத்திரை செய்ய வசதி இல்லையென்றால் விசிறி அமைப்பு. ஒரு மையத்தைச் சுற்றி ஆரைகள் போலப் பல மின்முனைகளை முன்கூட்டியே படியவைத்து, அதன்மேல் படிகத்தை ஒட்டுவது. 2007இல் ரீஸ், பாவோ இருவரும் ரூப்ரீனில் இப்படித்தான் பல கோணங்களில் ஒரே படிகத்தை அளந்தார்கள். அதுவும் இல்லையென்றால் தகட்டின் மேலேயே நீரில் கரைத்த கிராஃபைட் பசையால் மின்முனை வரையலாம். வெள்ளிப் பசையில் உள்ள கரைப்பான் படிகத்தைக் கெடுக்கும். தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தால் சூடு மேற்பரப்பைத் தாக்கும்; அதை மெதுவாக, தூரத்திலிருந்து செய்ய வேண்டும்.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறோம். அச்சுகளுக்கு நடுவே, 45 டிகிரியில் அளந்தால் என்ன எண் வரும்? மின்முனை அமைப்பைப் பொறுத்து இரண்டு விடை உண்டு.

அகலமான மின்முனைகள், நடுவே குறுகிய இடைவெளி என்றால் மின்புலத்தின் திசையை நீங்கள் கட்டிப்போடுகிறீர்கள். மின்னோட்டம் தன் போக்கில் பி பக்கம் சாய்ந்து ஓடும். அப்போது அளவாகும் மொபிலிட்டி, பி மதிப்பு பெருக்கல் கொசைன் வர்க்கம் கூட்டல் ஏ மதிப்பு பெருக்கல் சைன் வர்க்கம். 45 டிகிரியில் 15.4க்கும் 4.4க்கும் நேர் சராசரி: 9.9.

நீண்ட ஒல்லியான பட்டையாகப் படிகத்தை வெட்டி, இரு முனையிலும் மின்முனை வைத்தால் மின்னோட்டத்தின் திசையைக் கட்டிப்போடுகிறீர்கள். இப்போது கூட்ட வேண்டியது தலைகீழிகளை. 45 டிகிரியில் கிடைப்பது 6.8.

9.9ம் 6.8ம் ஒரே படிகம், ஒரே கோணம்! அமைப்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் படிப்பவர் எதை நம்புவார்? அச்சின் மேலேயே நேராக அளந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால்தான் படி 3இல் அவ்வளவு நேரம் செலவழித்தோம்.

படி 6: அளவீடும் கணக்கும்

கணக்கு இதுதான்: ட்ரெயின் மின்னோட்டம் = (சேனலின் அகலம் ÷ நீளம்) × மொபிலிட்டி × மின்தேக்கம் × (கேட் வோல்டேஜ் − தொடக்க வோல்டேஜ்) × ட்ரெயின் வோல்டேஜ். ட்ரெயின் வோல்டேஜ் சிறிதாக இருக்கும்போது இது செல்லும். ரூப்ரீனில் ஓடுவது துளைகள் என்பதால் கேட், ட்ரெயின் இரண்டுமே எதிர்க்குறி. இங்கே அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

300 நானோமீட்டர் சிலிக்கன் டை ஆக்சைடு என்றால் மின்தேக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 11.5 நானோஃபாரட். அகலம் 500 மைக்ரான், நீளம் 100 மைக்ரான், கேட் தொடக்கத்தைவிட 20 வோல்ட் மேலே, ட்ரெயின் 2 வோல்ட். மொபிலிட்டி 15.4 என்றால் 35 மைக்ரோ ஆம்பியர் ஓடும், 4.4 என்றால் 10. உங்கள் கருவியில் இந்த அளவு வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் ஆக்சைடுப் பரப்பின் மேல் மொபிலிட்டி இதைவிடக் குறைவாகவே வரும், பரப்பில் உள்ள பொறிகள், அதாவது மின்னூட்டம் சிக்கிக்கொள்ளும் இடங்கள், பிடித்துக்கொள்ளும். கேட்டுக்கும் படிகத்துக்கும் நடுவே வெறும் காற்றோ வெற்றிடமோ இருக்கும்படி அமைத்தபோதுதான் 20 வரை எட்டினார்கள்.

இரண்டு மின்முனை அளவீட்டோடு நிறுத்தாதீர்கள். சேனலின் நடுவே இரண்டு வோல்டேஜ் முனைகள் சேர்த்து நான்கு முனையாக அளங்கள். காரணம் இருக்கிறது: மேலே மின்முனை, கீழே கேட் என்ற அமைப்பில் மின்னோட்டம் தகட்டின் கனத்தைத் தாண்டி, அதாவது மோசமான சி அச்சு வழியாக இறங்கித்தான் சேனலை அடைகிறது. தகடு கனமானால் தொடுமின்தடை (மின்முனையிலிருந்து சேனலுக்குள் நுழைவதற்கான தடை) ஏறும். பி திசையில் சேனலின் தடை குறைவு என்பதால் இந்தத் தொடுமின்தடை அங்கேதான் அதிகம் கடிக்கும். விளைவு, உண்மையான 3.5 மடங்கு வேறுபாடு 2 மடங்காகச் சுருங்கித் தெரியும்.

நான்கு மூலையில் முனை வைக்கும் வான் டெர் பாவ் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு எதிர்ப்பக்கத் தவறு காத்திருக்கிறது. பக்கங்கள் அச்சுகளோடு ஒத்த சதுரத் துண்டில் இரு திசையிலும் கிடைக்கும் தடைகளின் விகிதம், கடத்துதிறனின் விகிதம் அல்ல. திசைவேறுபாடுள்ள சதுரம், கணக்கில் திசைவேறுபாடில்லாத செவ்வகத்துக்குச் சமம். அதன் பக்க விகிதம் 3.5இன் வர்க்கமூலம், அதாவது 1.87. அப்படிப்பட்ட செவ்வகத்தில் இரு தடைகளின் விகிதம் 60ஐத் தாண்டும். 1971இல் மாண்ட்கோமெரி தந்த முறையில் அந்த 60ஐத் திரும்ப 3.5ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் “60 மடங்கு திசைவேறுபாடு” என்று எழுதிவிட்டால் அது பெரும்பிழை.

படி 7: பொய்யான திசைவேறுபாட்டைக் களைதல்

வெட்டாத தகட்டில் மின்னோட்டம் மின்முனைகளின் அகலத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் வழியும். ஏ திசையில் ஓட்டும்போது பக்கவாடு என்பது வேகமான பி திசை. வழிதல் சாதாரணத்தைவிட 1.87 மடங்கு தூரம் போகும். அதனால் ஏ மதிப்பு கூடித் தெரியும். சேனலுக்கு வெளியே உள்ள பகுதியைக் கூர்ஊசியாலோ லேசராலோ வெட்டிப் பிரித்துவிடுங்கள்.

கேட் வோல்டேஜுக்கு எதிராக மின்னோட்டத்தை வரையும்போது கோடு நேராக வர வேண்டும். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்வு குறைந்தால், செங்குத்துப் பகுதியை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். கேட் வோல்டேஜ் தொடுமுனையின் தடையையும் சேர்த்து மாற்றுவதால் வரும் சாய்வு அது. மொபிலிட்டியைப் பல மடங்கு ஊதிக்காட்டும். போகும்போதும் வரும்போதும் கோடு பிரிந்து போனால் பொறிகள் இருக்கின்றன. இன்னொரு சோதனையும் உண்டு: அறை வெப்பநிலையிலிருந்து கொஞ்சம் குளிர்வித்துப் பாருங்கள். நல்ல ரூப்ரீனில் மொபிலிட்டி ஏற வேண்டும். உடனே இறங்கினால் நீங்கள் அளப்பது படிகத்தின் இயல்பை அல்ல, பொறிகளை.

தகட்டுக்குக் குறுக்கே அளக்க வேண்டுமென்றால்

டிரான்சிஸ்டர் சி அச்சைத் தொடாது. கனமான படிகம் இருந்தால் பறக்கும் நேர முறை உதவும். ஒரு முகத்தில் சிறு ஒளித்துடிப்பால் மின்னூட்டத்தை உண்டாக்கி, மறுமுகம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. 1960இல் கெப்லரும் லெப்ளாங்க்கும் ஆந்த்ரசீனில் தொடங்கியது இது. மேலே தந்த ஆந்த்ரசீன் எண்கள் இந்த முறையில் வந்தவைதான். மெல்லிய தகட்டுக்கு இருபுறமும் மின்முனை வைத்து, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறும் பகுதியைப் பிடிக்கலாம். அதில் கனத்தின் மும்மடி வருவதால், கனத்தில் 10 விழுக்காடு பிழை மொபிலிட்டியில் 30 விழுக்காடாகும். கனத்தை நன்றாக அளந்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் படிகத்தைப் பி திசைக்கே திருப்பி, முதல் அளவை மறுபடி எடுங்கள். பி, ஏ, அப்புறம் பி. இரண்டு பி அளவுகளும் ஒத்தால் நடுவில் எடுத்த ஏ அளவை நம்பலாம். ஒத்துவராவிட்டால் இடையில் படிகம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். புதிய தகட்டோடு படி 2இலிருந்து தொடங்குங்கள். குறிப்பேட்டில் மொபிலிட்டிக்குப் பக்கத்தில் அச்சு, அதை உறுதி செய்த விதம், மின்முனையின் நீள அகலம், தகட்டின் கனம், வெப்பநிலை, எந்த மின்னூட்டம் என்பதையெல்லாம் ஒரே வரியில் எழுதி, நுண்ணோக்கிப் படத்தையும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அளந்த படிகத்தை எறிய வேண்டாம். தேதி எழுதி இருட்டுப் பெட்டியில் வையுங்கள். யாராவது எண்ணைக் கேள்வி கேட்டால், பதிலாக அந்தப் படிகத்தையே கொடுக்கலாம்.